உள்ளங்கால் சுடாமல் பொலன்னறுவை: ஒரு நாள் முழு வழிகாட்டி

முதல் தடவை இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்குப் போனபோது பகல் பன்னிரண்டரை மணிக்கு வட்டதாகே என்ற வட்ட வடிவ ஆலயத்தின் படிக்கட்டில் செருப்பைக் கழற்றினேன். நாலு படி ஏறுவதற்குள் தெரிந்துவிட்டது, இது கோயில் தரிசனம் இல்லை, தீமிதி. ஊன்றி நிற்க முடியவில்லை. தூண் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவி ஒரு சுற்று வந்து இறங்கினேன். உள்ளே நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு புத்தர்கள் இருந்தார்கள் என்பதை அறைக்கு வந்து புகைப்படத்தில்தான் பார்த்தேன். காவலுக்கு இருந்த பெண்மணி என் கூத்தைப் பார்த்துவிட்டு, தன் காலைக் காட்டிச் சைகை செய்தார். அவர் காலில் தடித்த காலுறை.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பாடத்தில் இருந்து வந்ததுதான். இடிபாடுகள் என்றாலும் இவை பௌத்தர்களுக்கு இன்றும் புனித இடங்கள். ஒவ்வொரு ஆலயத்திலும் செருப்பையும் தொப்பியையும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதை வெயில் தாழ்ந்து பார்ப்பது என்பதை வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், உள்ளங்காலை வைத்து முடிவு செய்யுங்கள். அப்புறம் இன்னொன்று. தமிழ் எழுத்து தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் மற்ற பயணிகளுக்குக் கிடைக்காத இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வழிகாட்டிகள் பெரும்பாலும் அவற்றை நடந்துகொண்டே கையைக் காட்டிக் கடந்துவிடுவார்கள். நாம் அங்கேதான் உட்காரப் போகிறோம்.

போவதற்கு முன் இவ்வளவு வரலாறு போதும்

993 வாக்கில் ராஜராஜ சோழனின் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. சோழர்கள் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1017இல் ராஜேந்திரன் காலத்தில் சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டு போனார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு சோழர்களை விரட்டினான். ஆனால் தலைநகரை மாற்றவில்லை. அடுத்து இரண்டு பெயர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலாம் பராக்கிரமபாகு (1153 முதல் 1186 வரை), நிசங்கமல்லன் (1187 முதல் 1196 வரை). இன்று நீங்கள் பார்க்கப் போவதில் பெரும்பகுதி இந்த இருவரும் கட்டியது. 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பு வந்தது. அந்த நூற்றாண்டிலேயே நகரம் கைவிடப்பட்டுக் காடு மூடிவிட்டது. 1982 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆக இருநூற்றைம்பது ஆண்டுகூட முழுதாகத் தலைநகராக இல்லாத ஊர் இது. அதனால்தான் ஒரே நாளில் பார்க்க முடிகிறது. அனுராதபுரத்தை அப்படிப் பார்த்துவிட முடியாது.

எப்போது போவது, எப்படிச் சேர்வது

தமிழ்நாட்டுக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் பொலன்னறுவைக்கும் மழை தருகிறது. அக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி தொடக்கம் வரை நனையத் தயாராக இருந்தால் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட வெயில். ஆனால் ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை பக்கத்து மின்னேரியாக் குளத்தில் நீர் வற்ற வற்ற யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து கூடும். அதற்காகவே அந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச். வெசாக், பொசன் போயா என்ற பௌத்தப் பௌர்ணமித் திருநாட்களில் பக்தர் கூட்டம் நிறைய வரும். இடிபாடு பார்க்கப் போகிறவர் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

கொழும்பில் இருந்து சுமார் 215 கிலோமீட்டர். பேருந்தில் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்குப் போகும் ரயில் பாதையில்தான் ஊர் இருக்கிறது. நீங்கள் போகும் நாட்களில் ரயில் ஓடுகிறதா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ரயில் நிலையமும் பெரிய பேருந்து நிலையமும் பொலன்னறுவைப் பழைய நகரில் இல்லை, கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கதுறுவெலவில் இருக்கின்றன. பேருந்தில் வந்தால் பழைய நகரில் இறக்கிவிடச் சொல்லலாம். திரும்பும்போது மட்டும் கதுறுவெலவுக்கே போய் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.

சீகிரியாவில் தங்கிக்கொண்டு, காலையில் அங்குள்ள பாறைக்கோட்டை, மதியம் பொலன்னறுவை என்று ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் வண்டிக்காரர்கள் ஏராளம். வேண்டாம். அப்படிப் போனால் சரியாகப் பகல் பன்னிரண்டரைக்கு வட்டதாகே வாசலில் நிற்பீர்கள். மேலே சொன்ன கதைதான். முந்தின நாள் மாலைக்குள் பொலன்னறுவைக்கே வந்து தங்குங்கள்.

பையில் என்ன

தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி. இதுதான் முதலில். அப்புறம் கழற்ற மாட்ட எளிதான செருப்பு. நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு தடவை கழற்றுவீர்கள், ஷூ லேஸோடு மல்லுக்கட்ட முடியாது. முழங்காலும் தோளும் மறையும் உடை, ஆண்களுக்கும் இதே விதிதான். இரண்டு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, ஒரு சின்ன டார்ச் விளக்கு. டார்ச் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், ஆனால் இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. அதைப் பெற பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

முந்தின நாள் மாலை: கரையில் ஒரு நடை

இதற்கு டிக்கெட் வேண்டாம். பராக்கிரம சமுத்திரத்தின் கரைக்குப் போங்கள். சமுத்திரம் என்ற பெயர் மிகை இல்லை. சுமார் 2,500 ஹெக்டேர் பரப்பு, கரை பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டர் ஓடுகிறது. மழையாக விழும் ஒரு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று பராக்கிரமபாகு சொன்னதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. நகரத்தின் அத்தனை கட்டடமும் இந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லில் இருந்து எழுந்தவை. எனவே முதலில் குளத்தைப் பார்ப்பதுதான் முறை.

கரையோரமாகத் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் போனால் பொத்குல் விகாரைப் பகுதி. அங்கே பாறையில் செதுக்கிய ஆளுயரத்தைவிடப் பெரிய ஒரு உருவம், தாடியோடு, கையில் எதையோ பிடித்து நிற்கிறது. பராக்கிரமபாகுவேதான் என்பது பரவலான பேச்சு. முனிவர் என்பாரும் உண்டு, அகத்தியர் என்பாரும் உண்டு. கையில் இருப்பது ஏட்டுச்சுவடி என்கிறார்கள், நுகத்தடி என்கிறார்கள், பப்பாளிக் கீற்று என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குச் சுவடியாகத்தான் தெரிகிறது. தொந்தியும் தளர்ந்த வேட்டியும் பார்த்தால் ராஜாவைவிட வாத்தியார் சாயல்தான் அதிகம்.

தங்குமிடத்திலேயே மறுநாளைக்கு ஒரு சைக்கிள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கையும் பின் சக்கரக் காற்றையும் இரவே பார்த்துவிடுங்கள். இடிபாடுகள் தெற்கு வடக்காக ஐந்து கிலோமீட்டர் வரை பரந்து கிடக்கின்றன. தரை சமதளம், பாதை நல்ல பாதை. நடந்தால் பாதியில் களைத்துப் போவீர்கள். முச்சக்கர வண்டியில் போனால் ஓட்டுநரின் அவசரம் உங்களையும் தொற்றிக்கொள்ளும்.

காலை, திறந்ததும்: தலதா மளுவ

டிக்கெட் குளத்தருகே உள்ள அருங்காட்சியகத்தில் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நுழையாமல் கிளம்புங்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம், காரணம் இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் முதலில் அரண்மனை வரும். அதையும் தாண்டிப் போங்கள். அங்கே செருப்போடு நடக்கலாம், ஆகவே அது மாலைக்கு. நேராகத் தலதா மளுவ எனப்படும் நாற்சதுர மேடைக்குப் போங்கள். கல் இன்னும் இரவுக் குளிர்ச்சியோடு இருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகும்.

வட்டதாகேயில் அவசரப்படாதீர்கள். படிக்கு முன்னால் தரையில் அரைவட்டமாகக் கிடக்கும் சந்திரவட்டக்கல்லைக் குனிந்து பாருங்கள்: யானை வரிசை, குதிரை வரிசை, அன்ன வரிசை. அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் இவற்றோடு எருதும் இருக்கும், இங்கே இல்லை. சோழர் காலத்துக்குப் பின் நந்தியைக் காலால் மிதிப்பது தகாது என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். படியின் இருபுறமும் நிற்கும் காவற்கற்களில் நாகராஜன், கையில் பூரண கும்பம். இடையின் வளைவு, காலடியில் இருக்கும் குள்ளப் பூதத்தின் முகம் எல்லாம் காலைச் சாய்வெயிலில்தான் எழுந்து தெரியும். உச்சிவெயில் ஏறினால் எல்லாம் தட்டையாகிவிடும்.

மேடையில் இன்னும் பத்துக் கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தூபாராமத்துக்குள் மட்டும் ஒரு தடவை நுழையுங்கள். செங்கல் வளைகூரை விழாமல் நிற்கும் அரிய கட்டடம். சுவர் அவ்வளவு தடிமன் என்பதால் உள்ளே எப்போதும் குளிர்ச்சி. நிசங்க லதா மண்டபத்தில் தூண்கள் தாமரைத் தண்டு போல வளைந்து வளைந்து ஏறுகின்றன. பார்த்துவிட்டு நகரலாம்.

கல் பொத்த, அதாவது கல் புத்தகம், நிசங்கமல்லன் செய்த வேலை. எட்டு மீட்டருக்கு மேல் நீளம், 25 டன் எடை சொல்கிறார்கள். இந்தக் கல்லை மிகிந்தலையில் இருந்து இழுத்து வந்தார்கள் என்பதையும் அந்தக் கல்லிலேயே பொறித்திருக்கிறான். ஒன்பது ஆண்டுதான் ஆண்டான். ஆனால் கிடைத்த கல்லில் எல்லாம் தன் புகழை வெட்டி வைத்திருக்கிறான். நாள் முழுக்க அவன் பெயர் காதில் விழும், பழகிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நம் கல்லுக்கு வருவோம். அட்டதாகே என்ற, விஜயபாகு காலத்துத் தூண்கள் நிற்கும் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு பலகைக்கல் இருக்கிறது. பெரிய வரிசைகளில் தமிழும் இடையிடையே கிரந்தமும். வேளைக்காரர் கல்வெட்டு என்று பெயர். வேளைக்காரர் என்போர் தமிழ்ப் படைப்பிரிவினர். சோழர்களை விரட்டிய அதே விஜயபாகுவிடம் சம்பளத்துக்கு இருந்தவர்கள். அவன் இறந்த பிறகு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புத்தரின் புனிதப் பல் இருந்த ஆலயத்தைத் தங்கள் பாதுகாப்பில் ஏற்பதாகவும், தங்கள் கடைசி ஆள் இருக்கும் வரை காப்பதாகவும் இந்தக் கல்லில் உறுதி கொடுக்கிறார்கள். சாட்சியாக வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுக்களையும் கூட்டிக்கொள்கிறார்கள். சிங்கள அரசனின் பௌத்த ஆலயத்துக்குத் தமிழ்ப் படை காவல், ஒப்பந்தம் தமிழில். இன்றைய சண்டைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவரைச் சற்றுத் தடுமாற வைக்கும் கல் இது.

வாசிக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘க’வா ‘க்’கா என்பதை நீங்களேதான் ஊகிக்க வேண்டும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே இருக்கும். க, ட, ப, ம, வ இந்த ஐந்தையும் முதலில் தேடுங்கள், அதிகம் மாறவில்லை. நான் முதலில் பிடித்தது ஒரு ‘ட’. அதிலிருந்து பக்கத்து எழுத்து, அதிலிருந்து அடுத்தது. கால் மணி நேரத்தில் இரண்டு முழுச் சொல் பிடிபட்டது. குறுக்கெழுத்துப் புதிரில் கிடைக்கும் சந்தோஷம்தான். ஆனால் கிடைக்கும்போது ஒன்பது நூற்றாண்டைத் தாண்டிக் கிடைக்கிறது. கல்லைத் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.

வானவன் மாதேவி ஈஸ்வரம்

மேடையில் இருந்து இறங்கி வடகிழக்கே கொஞ்ச தூரம் மிதித்தால் பலகையில் ‘சிவ தேவாலே எண் 2’ என்று எழுதியிருக்கும். அருங்காட்சியகப் பட்டியலில் போடும் பெயர் போல இருக்கிறது. இதன் சொந்தப் பெயர் வானவன் மாதேவி ஈஸ்வரம். சோழ அரசி ஒருவரின் பெயரில் எடுத்த கோயில். 11ஆம் நூற்றாண்டு.

மரங்களுக்கு நடுவே சின்னதாக, முழுதாக நிற்கிறது. முழுதாக என்பதுதான் செய்தி. நகரில் மற்றதில் பெரும்பகுதி செங்கல்லும் சுண்ணாம்பும், மேல்தளங்கள் மரம். தீ வைத்ததும் மரம் எரிந்தது, நூற்றாண்டு மழையில் செங்கல் கரைந்தது. சோழர் கட்டியது அடி முதல் முடி வரை கல், அதனால் பிழைத்துக்கொண்டது. தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பொம்மை போலத் தெரியும். ஆனால் அதே அதிட்டானம் என்ற அடித்தளம், அதே அரைத்தூண், கூடு என்ற அதே வளைவு அலங்காரம். அந்தக் காட்டுக்குள் திடீரென்று சொந்தக்காரர் வீட்டைக் கண்டது போல இருக்கும்.

டார்ச் இங்கேதான். சுவரின் அடிப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டு வரிகள் ஓடுகின்றன. அதிராஜேந்திர சோழன் காலத்தது ஒன்று உண்டு. விளக்கை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழுந்து வரும். உள்ளே லிங்கம் இருக்கிறது. இன்றும் ஊர்க்காரர்கள் வந்து விளக்கேற்றுகிறார்கள். நான் போன அன்று ஒரு பெரியவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தபடி சின்ன மண் அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். திரியைத் தூண்டிவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டார். அதைப் பார்த்ததும் நான் டார்ச்சை அணைத்துவிட்டு ஓரமாக நின்றேன். யாராவது கும்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் அப்படியே காத்திருங்கள், எழுத்து எங்கேயும் போகாது.

பத்து மணிக்குள் கல் விகாரை

வடக்குப் பாதையில் ரன்கொத் வெஹெரவைச் சைக்கிளில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகலாம். பொலன்னறுவையில் பெரிய தாதுகோபம், அதாவது தூபி, அது. கட்டியவன் நிசங்கமல்லன்தான். நின்று பார்க்க ஆசைப்பட்டால் திரும்பும்போது நில்லுங்கள். இப்போது கல் விகாரை முக்கியம்.

ஒரே பாறை, நான்கு புத்தர்கள். பராக்கிரமபாகு இதை உத்தராராமம் என்றான். இடமிருந்து தியானத்தில் அமர்ந்தவர், பாறையைக் குடைந்த சின்னக் குகைக்குள் இன்னொரு அமர்ந்தவர், ஏழு மீட்டர் உயரத்தில் நிற்பவர், பதினான்கு மீட்டர் நீளத்தில் சயனித்தவர். மேலே பெரிய பாதுகாப்புக் கூரை போட்டிருக்கிறார்கள். படத்தைக் கெடுக்கிறது என்று புலம்புபவர்கள் உண்டு, நானும் புலம்பினேன். ஆனால் வெயிலுக்கு அதுதான் துணை.

எதிரே இருக்கும் பாறை மேட்டில் ஏறி முதலில் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு கிட்டப் போங்கள். சயனித்தவரின் தலையணையைக் கவனியுங்கள். தலை அழுந்திய இடத்தில் மெத்தை குழிவது போலக் கல் லேசாகக் குழிந்திருக்கிறது. கல்லில் தலையணையைச் செதுக்க யாராலும் முடியும். கனத்தைச் செதுக்கியிருக்கிறானே, அவனைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பாதங்கள். இரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று இல்லை, மேல் பாதம் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது. தூங்குகிறவர் இல்லை, பரிநிர்வாணம் அடைந்தவர் என்பதற்கு அதுவே அடையாளம் என்று விளக்குவார்கள்.

நிற்பவர் கைகளை மார்பின் மேல் குறுக்காக மடக்கியிருக்கிறார், முகத்தில் ஒரு வாட்டம். பக்கத்தில் புத்தர் மறைந்து கிடப்பதால் இது சீடர் ஆனந்தர் என்று வெகுநாள் சொன்னார்கள். புத்தரே என்பவர்களின் வாதம் எளிது: ஒவ்வொரு சிலைக்கும் ஒரு காலத்தில் தனித்தனிச் செங்கல் மண்டபம் இருந்தது, உத்தரம் செருகிய துளைகள் பாறையில் இன்னும் தெரிகின்றன. நடுவே சுவர் இருந்தால் ஆனந்தர் யாரைப் பார்த்து அழுவார்? துளைகளைத் தேடிப் பாருங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

இங்கே ஒரு விதி. புத்தருக்கு முதுகு காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கக்கூடாது. காவலர்கள் உடனே விசில் ஊதுவார்கள். பௌத்தர்களுக்கு இது மிகவும் புண்படுத்தும் செயல். சிலையை மட்டும் எடுங்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தெமள மகாசேய: யாரும் நிற்காத மேடு

கல் விகாரையில் இருந்து இன்னும் வடக்கே போனால் இடப்பக்கம் மரம் அடர்ந்த ஒரு பெரிய குன்று. பெரும்பாலான பயணிகளுக்கு அது வெறும் குன்று. உண்மையில் அது முடிக்கப்படாத தாதுகோபம். தெமள என்றால் சிங்களத்தில் தமிழ். பாண்டிய நாட்டுப் போரில் சிறைபிடித்துக் கொண்டுவந்த தமிழர்களை வைத்துப் பராக்கிரமபாகு இதைக் கட்டுவித்தான் என்கிறது சூளவம்சம். முடிந்திருந்தால் உலகத்திலேயே பெரிய தாதுகோபங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். வேரும் செங்கல்லும் பின்னிக் கிடக்கின்றன. ஆனாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். வானவன் மாதேவி ஈஸ்வரத்தில் தமிழன் ஆட்சியாளன். வேளைக்காரர் கல்லில் கூலிப்படைக்காரன், வணிகன். இங்கே கைதி. மூன்றும் சேர்ந்து நூற்றைம்பது ஆண்டுக்குள், ஐந்து கிலோமீட்டருக்குள். மேட்டின் மேல் ஏற வேண்டாம். செங்கல் பெயர்கிறது, புதருக்குள் பாம்பும் இருக்கலாம்.

அடுத்து வருகிற தாமரைக் குளம் எட்டு இதழ் கொண்ட தாமரை போல ஐந்து அடுக்காகக் கட்டிய கல் தொட்டி. அழகு. அதற்கும் அப்பால், பாதையின் முடிவில், திவங்க பிலிமகே என்ற சிலைமனை. மூன்று வளைவாக நிற்கும் திரிபங்கச் சிலைதான் பெயருக்குக் காரணம். சுவரில் அந்தக் காலத்து ஓவியங்கள் மங்கலாகத் தெரியும். புகைப்படம் எடுக்கக்கூடாது, டார்ச்சையும் ஓவியத்தின் மேல் அடிக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் உருவங்கள் ஒவ்வொன்றாக வரும். மணி இப்போது பதினொன்றைத் தாண்டியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது நீங்கள் நிழலில் இருப்பீர்கள். இதற்குத்தான் இந்த வரிசை.

உச்சிப் பொழுது

ஒன்றும் செய்யாதீர்கள். கல் விகாரைப் பக்கம் கடைகள் இருக்கின்றன, செவ்விளநீர் கிடைக்கும், தம்பிலி என்று கேளுங்கள். சாப்பாட்டைத் தங்குமிடத்தில் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லிக் கொண்டுவருவது நல்லது. வெளியே போய்ச் சாப்பிட்டு வருவதாக இருந்தால், அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்று வாசலில் கேட்டுக்கொண்டு வெளியேறுங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது மேலே பாருங்கள். இந்தச் செங்குரங்குகளை ஆய்வாளர்கள் 1968 முதல் இங்கேயே தங்கிக் கவனித்து வருகிறார்கள். அவற்றின் குடும்ப ஏணி, அதிகாரப் போட்டி எல்லாம் எழுதியாகிவிட்டது. குரங்குகளும் அதே காலமாகச் சுற்றுலாப் பயணிகளைக் கவனித்து வருகின்றன. ஜிப் திறக்கத் தெரியும். என் பையில் இருந்து வாழைப்பழத்தை விட்டுவிட்டுக் காலுறையை எடுத்துக்கொண்டு ஒன்று மரம் ஏறியது. இரண்டு ஜோடி கொண்டுவரச் சொன்னது அதனால்தான். சாப்பிடக் கொடுக்காதீர்கள், பல்லைக் காட்டினால் சிரிப்பு என்று நினைக்காதீர்கள்.

இரண்டரைக்கு மேல்: தெற்கு நோக்கி

திரும்பும் வழியில் லங்காதிலக. செங்கல் சுவர்கள் பதினேழு மீட்டர் உயரத்துக்கு இருபுறமும் நிற்க, கூரை இல்லை, கடைசியில் தலை இல்லாத மாபெரும் புத்தர். நடுப்பாதையில் நடக்கும்போது சுவர்கள் நெருங்கி வருவது போல இருக்கும். சுவர்களின் நிழல் உள்ளே விழும் நேரம் என்பதால் தரையும் பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் கிரி வெஹெர, வெள்ளைச் சுதையோடு நிற்கும் தாதுகோபம்.

கொஞ்சம் தள்ளி ஆளாஹண பிரிவென என்ற பிக்குகள் மடத்தின் வைத்தியசாலை. அடித்தளம் மட்டும்தான் மிச்சம். சின்னச் சின்ன அறைகள் முற்றத்தைச் சுற்றி. மனித உடல் வடிவில் குடைந்த கல் தொட்டி ஒன்று இருக்கிறது, மருந்து எண்ணெயில் நோயாளியைக் கிடத்த. அருங்காட்சியகத்தில் கத்தரியும் இடுக்கியும் பார்க்கும்போது இந்தத் தொட்டி ஞாபகத்துக்கு வர வேண்டும்.

தலதா மளுவவுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் சிவ தேவாலே எண் 1. இது பாண்டியர் பாணி, 13ஆம் நூற்றாண்டு. கூரை போய்விட்டது. கற்கள் பொருந்தும் இடத்தில் நகத்தை நுழைக்க முடியாது. இங்கே தோண்டியபோது வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன.

கடைசியாக அரண்மனை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சூளவம்சம் சொல்கிறது. மிச்சம் இருப்பது மூன்று மீட்டர் தடிமன் உள்ள செங்கல் சுவர்களும் உத்தரத் துளைகளும். அவ்வளவு தடிமன் சுவர் பல மாடிகளைத் தாங்கத்தான் என்பது பார்த்தாலே புரியும். ஆயிரம் அறையை மட்டும் புலவர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உள்ள மந்திராலோசனை மண்டபத்தின் அடிமேடையில் கீழே யானைகள், நடுவே சிங்கங்கள், மேலே குள்ளப் பூதங்கள். யானைகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை, தும்பிக்கையைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கீழே குமார பொக்குண என்ற குளியல் குளம். மகர வாயில் இருந்து தண்ணீர் கொட்டிய காலத்தை நினைத்துக்கொண்டு படியில் உட்காரலாம், செருப்போடு.

அருங்காட்சியகம், நாலு மணிக்கு

காலையில் தவிர்த்ததன் காரணம் இதுதான்: வட்டதாகே, வைத்தியசாலை எல்லாம் கூரையோடும் மரத்தூண்களோடும் எப்படி இருந்திருக்கும் என்று சிறு மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தால் அவை பொம்மைகள். நாள் முழுக்க அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டுப் பார்த்தால், நீங்கள் நின்ற தூண் எது என்று விரலால் காட்ட முடியும். மாலை மூடுவதற்குள் ஒரு மணி நேரமாவது வேண்டும், ஆகவே நாலு மணியைத் தாண்டவிடாதீர்கள்.

வெண்கல அறைக்குக் கடைசியில் போங்கள். சிவன் கோயில்களில் கிடைத்த திருமேனிகளில் ஒரு பங்கு இங்கே, புகழ்பெற்ற பல கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். கொழும்பு வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கே சுந்தரமூர்த்தி நாயனாரைத் தவறவிடாதீர்கள். இங்கே நடராஜர் முன்னால் நின்றபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. ஒரு பையன் ஒற்றைக்காலைத் தூக்கி அப்படியே நின்று காட்டினான். டீச்சர் அதட்டுவதற்குள் இன்னும் நாலு பேர் தூக்கிவிட்டார்கள்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதுறுவெலவுக்கு ஒரு முச்சக்கர வண்டி பிடியுங்கள். போகிற வழியில் சட்டியில் எருமைத் தயிர் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். கித்துல் பாணியும், அதாவது கித்துல் பனைப் பாகும், சேர்த்து வாங்குங்கள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஆறு மணி நேரம் உட்கார முடியாது, ஆகவே அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். காலுறையையும் அங்கேயே கழற்றி உதறிவிட்டு ஏறுங்கள், செம்மண் நிறையச் சேர்ந்திருக்கும்.